மூன்று பட்டினி, ஒன்று மாயம்

போனை எடுத்தது வாலு.

"ஈயைக் காணோம்" என்றது மறுமுனை. குரலில் பாதி அழுகை.

"எங்க வீட்ல நிறைய இருக்கு. எத்தனை வேணும்?"

"சார், விளையாடாதீங்க. நாலு நாளாச்சு. மத்த மூணும் சாப்பிடாம கிடக்குது. எனக்குக் கோபம் வந்து ஏடாகூடமா ஏதாவது பண்றதுக்குள்ள அண்ணியை வரச் சொல்லுங்க."

வாலு போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான். "அண்ணி, ஒருத்தர் ஈயைக் காணோம்னு அழறார். நாளைக்குக் கொசு காணாம போனாலும் நாமதான் போகணுமா?"

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷம் பரீட்சை ஹாலில் சூப்பர்வைசராக நின்றவர். எந்த மாணவன் எந்தக் கால் செருப்புக்கடியில் பிட் வைத்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேறு வேலை கிடைத்தது. வாலு அவர் கணவரின் தம்பி. சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வைத்த பேர். நாற்பத்து மூன்று வயதாகியும் பேரும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊரே அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டது.

"அட்ரஸ் வாங்குடா" என்றார் அண்ணி. "ஈக்காக ஒரு ஆம்பளை அழறான்னா அது ஈயா இருக்காது."

அது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. கீழே கடை, மேலே வீடு. உள்ளே நுழைந்ததும் நானூறு பிரேம்கள் நாலு பக்கமும் முறைத்தன. கல்லாவுக்குப் பக்கத்தில், மேஜை மேல் ஒரு கண்ணாடித் தொட்டி. அதன் உள்சுவரில், தண்ணீருக்கு மேலே, விரல் நீளத்தில் மூன்று ஜந்துக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. முதுகு கறுப்பு, வயிறு நல்ல ஆரஞ்சு.

"பல்லி!" வாலு ஒரு அடி பின்னால் போனான்.

"நியூட்" என்று திருத்தினார் கடைக்காரர். ஒல்லியான மனிதர். கண்ணைச் சுற்றிக் கருவளையம். "பார்க்கத்தான் பல்லி. தவளை ஜாதி. தண்ணியிலயும் இருக்கும், தரையிலயும் இருக்கும். கண் டெஸ்ட் போர்டுல இருக்கற எழுத்தையே பேரா வெச்சிட்டேன். ஈ, எஃப், பி, டி. அதுல ஈயைத்தான் காணோம்."

"எஃப்னு வெச்சது சரி. ஈன்னு பேர் வெச்சா கூட இருக்கறதுங்களே முழுங்கிடாதா?"

கடைக்காரர் முகம் வெளுத்தது. அண்ணி வாலுவின் காலை மிதித்தார்.

"முதல்ல இருந்து சொல்லுங்க."

"அஞ்சு வருஷமா வளர்க்கறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு உருண்டைத் தீனி போடுவேன். நான் கிட்ட வந்தாலே கண்ணாடிக்குப் பக்கத்துல வந்து மூஞ்சியைத் தூக்கும். பத்து நாளா சரியில்லை. தண்ணிக்குள்ள இருக்க மாட்டேங்குது, சுவர்ல ஏறி ஒட்டிக்குது. எட்டு நாளா ஒரு உருண்டை கூடத் தொடலை. நாலு நாள் முன்னாடி காலையில பார்த்தா ஈ இல்லை." அவர் குரலைத் தாழ்த்தி மாடிப்படியைக் காட்டினார். "யார் வேலைன்னு எனக்குத் தெரியும். சாட்சிதான் வேணும்."

மாடிப்படியில் ஒருவன் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். கடைக்காரர் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். மூன்று வாரம் தங்க வந்தவன், வந்து பதினாலு மாதம் ஆகிறது.

"உங்க மச்சினனுக்கு நியூட் மேல என்ன கோபம்?" என்றார் அண்ணி.

"வந்த முதல் நாளே, 'இது கடிக்குமா அத்தான்'னு கேட்டான்."

"அடேங்கப்பா. ஆயுள் தண்டனை குடுத்துடலாம்" என்றான் வாலு.

"அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கேன். ஈ உயிரோட வரலைன்னா அவன் இந்த வாசல்படியை மிதிக்கக் கூடாது. என் பொண்டாட்டி நாலு நாளா என்கிட்ட பேசலை. சாப்பாட்டைக் கூட தட்டுல போட்டு நங்குனு வெச்சிட்டுப் போறா. அவ பேசாட்டியும் பரவாயில்லை. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

சொல்லிவிட்டு மேலே மாடியை ஒரு தடவை பார்த்தார். பேசாத பொண்டாட்டி அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது.

மச்சினன் எதையும் மறுக்கவில்லை. லேஸை அவிழ்த்து மறுபடி அழகாகக் கட்டினான்.

அண்ணி தொட்டி முன்னால் குனிந்தார். மேலே கம்பி வலை மூடி. இரண்டு பக்கமும் க்ளிப்.

"காணாம போன அன்னிக்கு க்ளிப் எப்படி இருந்தது?"

"ரெண்டும் போட்டிருந்தது."

"அப்ப ஈ தானா போகலை" என்றான் வாலு. "வெளிய வந்துட்டு க்ளிப்பை மாட்டிட்டுப் போற அளவுக்கு ஒழுக்கமான பிராணி எங்க வீட்டு மனுஷங்கள்லயே கிடையாது."

அண்ணி தொட்டியின் அடியைப் பார்த்தார். கூழாங்கல் மேல் கறுப்பாகச் சின்னச் சின்னத் துணுக்குகள்.

"இது என்ன?"

கடைக்காரர் சங்கடப்பட்டார். "அது... அதுங்க போறது. வாரா வாரம் சுத்தம் பண்ணுவேன். நேத்துதான் பண்ணினேன்."

"நேத்து சுத்தம் பண்ணி இன்னிக்கு இவ்வளவா? எட்டு நாள் பட்டினி கிடக்கறவன் பாத்ரூமுக்கு எதுக்குங்க போறான்?"

கடைக்காரர் குனிந்து துணுக்குகளை உற்றுப் பார்த்தார். அண்ணி விரலால் சுவரில் ஒட்டியிருந்த எஃப்பைச் சுட்டினார். "வயித்தைப் பாருங்க. கல்யாண வீட்லேர்ந்து வந்த மாதிரி இருக்கு. இதுங்க பட்டினி இல்லை. உங்க சாப்பாடுதான் வேண்டாம்னு சொல்லுது."

பிறகு மூடியைத் திறந்து ஒரு விரலைத் தண்ணீரில் விட்டார். எடுத்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிரேம் அலமாரிக்கு மேலே பளபளவென்று ஒரு புது ஸ்பாட் லைட். சுவரில் துளை போட்ட சுண்ணாம்புத் தூள்கூட இன்னும் துடைக்கப்படவில்லை. வெளிச்சத்தில் பாதி பிரேம்கள் மேலும் பாதி தொட்டி மேலும் விழுந்தது.

"லைட் எப்ப போட்டீங்க?"

"பத்து நாள் இருக்கும். கடை எடுப்பா இருக்கணுமேன்னு. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மாடியிலிருந்து கடைக்காரர் மனைவி டீத் தட்டோடு இறங்கி வந்தாள். தோளில் ஒரு மஞ்சள் துணி. புருஷன் பக்கம் பார்க்காமல் டீயை நீட்டினாள்.

தொப். தொப். தொப்.

சுவரில் இருந்த மூன்றும் தண்ணீரில் குதித்தன. தொட்டியின் இடது மூலைக்கு நீந்திப் போய், வரிசையாக நின்று, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தன.

"பாருங்க!" கடைக்காரர் கத்தினார். "எட்டு நாளா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை!"

"எனக்கு இதுங்களைக் கண்டாலே அருவருப்பு" என்றாள் அவள், அண்ணியிடம். "அஞ்சு வருஷமா தொட்டதே கிடையாது. தொடவும் மாட்டேன்."

அண்ணி வாலுவை ஒரு பார்வை பார்த்தார். போதும். வாலுவின் கையிலிருந்த டீ மேஜையில் கவிழ்ந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க. அந்தத் துணியைக் குடுங்க, நானே துடைக்கறேன்."

அவள் கொடுப்பதற்குள் அவனே எடுத்துக்கொண்டான். துடைக்கும் சாக்கில் மஞ்சள் துணியைத் தொட்டியின் வலது பக்கமாகக் கொண்டுபோனான். மூன்று மூஞ்சிகளும் வலது பக்கம் திரும்பின. இடது பக்கம் கொண்டுவந்தான். இடது பக்கம் திரும்பின. துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். மூன்றும் ஏமாந்து போய் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அண்ணி, இதுங்களுக்கு அம்மாவைத் தெரியலை. துணியைத்தான் தெரியுது."

"கொடியில காயற துணிதானே" என்றாள் அவள் சட்டென்று. "என் தம்பி கூடத்தான் எடுத்துத் துடைப்பான்."

கடைக்காரர் மேஜையைத் தட்டினார். "அதான் சொன்னேன்ல! அவன்தான்! ஏதோ கண்டதைப் போட்டுப் பழக்கியிருக்கான்!"

படியில் இருந்தவன் தலையைச் சொறிந்தான். இப்போதும் மறுக்கவில்லை.

"மேல வந்து பார்க்கலாமா?" என்றார் அண்ணி.

மாடியில் பின்பக்கம் ஒரு பால்கனி. ஏழு பூந்தொட்டிகள். ஆறில் மண் இறுகிக் கிடந்தது. ஏழாவதில் செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வேரைச் சுற்றி மண் புதிதாகக் கிளறியிருந்தது. பக்கத்தில் ஒரு பழைய ஸ்பூன். அண்ணி ஸ்பூனால் லேசாகக் கிளறினார். கொழுத்த மண்புழு ஒன்று நெளிந்தது.

"ஓஹோ" என்றார் அண்ணி. "தினமும் ஹோட்டல் சாப்பாடு கிடைக்கும்போது எவன்டா ஹாஸ்டல் உருண்டையைத் தின்பான்?"

அந்த நேரம் சமையலறையிலிருந்து ஒரு அலறல்.

வாலு ஸிங்க்குக்கு அடியில், நிழலான மூலையில், குந்தி உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. மூடியில் ஊசியால் குத்திய முப்பது நாற்பது ஓட்டை.

"வெண்ணிலான்னு எழுதியிருந்தது அண்ணி. ஒரு வாய் சாப்பிடலாம்னு திறந்தேன். அது என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுது."

டப்பாவுக்குள் ஈரப்பாசி, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர், ஒரு சின்னக் கல். கல்லின் மேல் ஈ. குண்டாக, நிம்மதியாக.

"அதைத் தொட்டியா?"

"அதுதான் என்னைத் தொட்டுது."

"அது தோல்ல விஷம் இருக்கும். வாய்கிட்டக் கொண்டு போகாதே. போ, சோப்பு போட்டுக் கையைக் கழுவு."

வாலு பாய்ந்தான். அண்ணி டப்பாவை மூடித் திரும்பியபோது கதவருகில் கடைக்காரர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் பயம் இல்லை. பிட் பிடிபட்ட கெட்டிக்கார மாணவியின் எரிச்சல்தான் இருந்தது.

"மெதுவாப் பேசுங்க" என்றாள். "கீழ கேட்கும்."

"நீங்களே சொல்லிடுங்க. எனக்கும் வேலை மிச்சம்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காலையில மஞ்சள் துணியைத் தோள்ல போட்டுக்கிட்டு கடை பெருக்கப் போவேன். லைட் போட்டதுலேர்ந்து இதுங்க சுவர்ல தொத்திக்கிட்டு பாவமாப் பார்த்துச்சு. மனசு கேட்கலை. ரெண்டு புழு போட்டேன். மறுநாள் எனக்காகக் காத்திருந்துச்சு. எனக்காக இந்த வீட்ல யாருங்க காத்திருக்கா? அப்புறம் இந்தச் சின்னது ரொம்பத் துவண்டு போச்சு. இங்க ஜில்லுனு இருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன். தேறினதும் விட்டுடலாம்னுதான்."

"அதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள அவர், 'உன் தம்பிதான் திருடன், ஈ வரலைன்னா வெளிய போகணும்'னு கத்தினார்." அவள் நிறுத்தினாள். அடுத்ததைக் கிட்டத்தட்ட காதில் சொன்னாள். "சரின்னு வாயை மூடிக்கிட்டேன்."

வாலு கையைத் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டான். "என்னது?"

"பதினாலு மாசம்ங்க! காலையில அஞ்சு மணிக்கு எங்க தலைக்கு மேல மொட்டை மாடியில ஸ்கிப்பிங் ஆடறான். என் டப்பாவையெல்லாம் உயர வரிசைப்படி அடுக்கி வெச்சிட்டான், உப்பு எங்க இருக்குன்னு எனக்கே தெரியலை. கூடப் பிறந்தவனைப் போடான்னு நான் எப்படிச் சொல்வேன்? எங்க அம்மா போகும்போது அவன் கையை என் கையில பிடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. அவர் சொன்னா நான் ரெண்டு நாள் அழலாம், அவனும் நான் அனுப்பினேன்னு நினைக்க மாட்டான். பெட்டி கட்டிட்டான். அஞ்சு மணி வரைக்கும் பொறுத்துக்கங்க. ஈயை நானே கண்டுபிடிச்ச மாதிரி குடுத்துடறேன்."

"திருடன்ங்கற பேரோட போவானே உங்க தம்பி? அது உறுத்தலையா?"

உறுத்தியது. புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றி இறுக்கினாள். விரல் வெளுத்தது.

பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. வடக்குப் பார்த்த அறை. உள்ளே போனதும் காலில் குளிர் ஏறியது. மச்சினன் பெட்டி மேல் உட்கார்ந்து பூட்டிக்கொண்டிருந்தான். திருட்டுப் பட்டத்தோடு வெளியேற்றப்படுபவன் விசில் அடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒரே கேள்வி" என்றார் அண்ணி. "நாலு நாளா திருடன்னு சொல்றாங்க. ஒரு தடவை கூட 'நான் இல்லை'ன்னு நீங்க சொல்லலையே, ஏன்?"

விசில் நின்றது. அவன் எழுந்து கதவைச் சாத்தினான். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினான்.

"மூணு வாரம் முன்னாடியே ரூம் பார்த்துட்டேன். நல்ல ரூம். அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. சாப்பிட்டியான்னு ஒரு நாளைக்கு ஒன்பது தடவை கேட்கறா. முப்பத்தாறு வயசு எனக்கு, சட்டைப் பட்டன் அறுந்தா நான் தைக்கறதுக்குள்ள பிடுங்கிடறா. போறேன்னு சொன்னா உடைஞ்சு போயிடுவா. அம்மா போனதுலேர்ந்து அவளுக்கு நான்தான் எல்லாம். அத்தான் துரத்தினா அது வேற. அக்கா அத்தானைத் திட்டிக்குவா, என்னைத் திட்ட மாட்டா. நீங்க மட்டும் அஞ்சு மணி வரைக்கும் அந்தப் பல்லியைக் கண்டுபிடிக்காம இருந்தீங்கன்னா..."

"இந்த வீட்ல குற்றம் சாட்டப்பட்டவனே குற்றத்தை ஆதரிக்கறான்" என்றான் வாலு.

"குற்றவாளியும்தான்" என்றார் அண்ணி.

நாலரை மணிக்கு எல்லோரும் கடையில் கூடினார்கள். மச்சினன் பெட்டியோடு நின்றான். அக்கா அழத் தயாராக நின்றாள். அண்ணி ஐஸ்கிரீம் டப்பாவை மேஜையில் வைத்துத் திறந்தார்.

கடைக்காரர் "ஈ!" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உங்க புது லைட்டுதான் முதல் ஆள்" என்றார் அண்ணி. "தண்ணியில விரலை விட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கு. இதுங்களுக்கு ஜில்லுனு இருக்கணும். சூடு தாங்காமதான் சுவர்ல ஏறிச்சு. உருண்டையைத் தொடாததுக்குக் காரணம், தினமும் காலையில மண்புழு விருந்து. போட்டது உங்க வீட்டம்மா. துவண்டு போன ஈயை எடுத்து, குளிர்ச்சியா வெச்சுக் காப்பாத்தினதும் அவங்கதான்."

கடைக்காரர் மெதுவாகத் திரும்பினார். "நீயா? தொட மாட்டேன்னு சொன்னியே?"

"பசியோட பார்த்துச்சு" என்றாள் அவள் தரையைப் பார்த்து. "நீங்க கத்தின கத்துல எனக்குச் சொல்லவே வாய் வரலை."

அண்ணி இருமினார். மற்றதைச் சொல்லவில்லை. வாலு சொல்ல வாயெடுத்தான். அவன் கால் மறுபடி மிதிபட்டது.

எல்லாம் இங்கே முடிந்திருக்க வேண்டும். கடைக்காரர் நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் முடிந்தும் இருக்கும்.

அவர் நேராக மச்சினனிடம் போனார். அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர்.

"மச்சான், என்னை மன்னிச்சிடுங்க. தப்பே பண்ணாத உங்களைத் திருடன்னு சொல்லிட்டேன். எங்கயும் போகக் கூடாது. இது உங்க வீடு. எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கணும்." பெட்டியைப் பிடுங்கிப் படிப்பக்கம் தூக்கினார். "நானே மேல வெச்சிட்டு வரேன்."

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் அண்ணியைப் பார்த்தார்கள். நீச்சல் தெரியாதவர்கள் கரையைப் பார்க்கிற பார்வை.

"உண்மையைச் சொல்லி உருப்பட்ட குடும்பம் உண்டா அண்ணி?" என்று முணுமுணுத்தான் வாலு.

அண்ணி நெற்றியைத் தேய்த்தார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"ஒரு நிமிஷம். லைட்டை அணைச்சா மட்டும் போதாது. இன்னும் வெயில் காலம் இருக்கு. கடைக்கு மேற்குப் பார்த்த கண்ணாடிக் கதவு. இதுங்க இங்க இருந்தா அடுத்த வாரம் எஃப்பும் துவண்டுடும்."

கடைக்காரர் படியில் நின்றார். "அப்ப எங்க வைக்கறது?"

"வீடு முழுக்கப் பார்த்துட்டேன். நாள் பூரா குளிர்ச்சியா இருக்கறது ஒரே இடம். வடக்குப் பார்த்த பின்னறை. ஆனா அங்க ஆள் இருக்கக் கூடாது. அதிர்வே ஆகாது இதுங்களுக்கு. நடமாட்டம், விசில், ஸ்கிப்பிங், எதுவும்."

கடைக்காரர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். தொட்டியில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருந்த மூன்றையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு போராட்டம் நடந்தது. கௌரவமான போராட்டம். மூன்று விநாடி நீடித்தது.

"மச்சான்..." என்றார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க அத்தான்." மச்சினன் நெஞ்சில் கை வைத்தான். "வாயில்லாத நாலு ஜீவன். அதுங்களுக்காக நான் போறேன். எப்படியாவது ஒரு ரூம் தேடிக்கறேன்."

பெட்டியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அவன் நடையில் துள்ளல் இருந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அக்கா பின்னாலேயே வந்தாள். அவன் காலரில் மடிந்திருந்ததை நீவி விட்டாள். அழ வேண்டும் என்று திட்டமிட்டிருந்த இடத்துக்கு முன்பே அழுகை வந்துவிட்டது. அது நிஜ அழுகை. அவனும் எங்கேயோ பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டேன்க்கா."

"ஞாயித்துக்கிழமை வந்துடு. உனக்குப் பிடிச்சதா செஞ்சு வைக்கறேன்."

"சரிக்கா."

அவன் தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி ஒரு கணம் யோசித்தாள். பிறகு தெருவே கேட்கும்படி குரல் கொடுத்தாள்:

"சாப்பிட்டதும் கிளம்பிடணும், சொல்லிட்டேன்!"